பூநாரைக்கும் அறுவடைக்கும் இடையில்

மாசி (பெப்ரவரி) 5, புதன்

காலையில் பனி, ஒன்பது மணிக்குப் பிறகு நல்ல வெயில். பின்னேரம் மாதர் சங்கக் கூட்டம். வரவு இருபத்திமூன்று. கூட்டக் குறிப்பு சங்கக் கொப்பியில் எழுதியாயிற்று. அதில் எழுத முடியாதது இங்கே.

விடயம்: வருடாந்தச் சுற்றுலா. தலைவி இராசமலர் அக்கா (இனி இ.ம. அக்கா, கை உளைகிறது) வாய் திறக்க முன்னமே எல்லோரும் நுவரெலியா என்றார்கள். போன வருடமும் நுவரெலியா. அதற்கு முதல் வருடமும். நான் எழும்பி, இந்தமுறை எங்கள் கரையைப் பார்ப்போம் என்றேன். பூநகரிக் கோட்டை, முல்லைத்தீவுப் பக்கம் பழம்பொருள் வைத்த ஒரு நூதனசாலை, சுண்டிக்குளம் பறவைச் சரணாலயம். ஒரே சிரிப்பு.

பக்கத்து வளவுக்காரி யோகம்: "கொக்குப் பாக்க பஸ் பிடிக்கவேணுமே? என்ரை வேலியில வந்து நில்லுங்கோ, காட்டுறன்."

இ.ம. அக்கா சிரிக்கவில்லை. "செயலாளர் சொல்லுறதை எழுதுங்கோ" என்றார். செயலாளர் நான்தான் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது போல. அதற்குச் சிரித்தார். "சரி, போய்ப் பாத்திட்டு வந்து விபரம் சொல்லும். பதினாறாம் திகதி கை தூக்கி முடிவெடுப்பம்."

ஏன் கேட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். போன வருடம் நுவரெலியாவில் நாங்கள் தங்கிய இடத்தில் ஒரு அம்மா, நல்ல மனிசிதான், எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கிளிநொச்சி என்றேன். முகம் அப்படியே மாறியது. பாவம் என்று சொல்லி என் கையில் ஒரு அப்பிள் வைத்தார். அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். ஐம்பத்தொரு வயது, என் மாவட்டத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்லத் தெரியாமல் நின்றேன். அப்பிளை யோகத்திடம் கொடுத்தேன். அவள் அங்கேயே கடித்தாள்.

செய்யவேண்டியது:
– வீட்டுக்காரரைக் கேட்க, இனி வெறும் இவர் (மோட்டார் சைக்கிள், எண்ணெய், மனநிலை)
– தொப்பி தேட
– போனில் படங்களை அழித்து இடம் எடுக்க
– எல்லா இடத்திலும் மலசலகூடம் பார்க்க. இருபத்திமூன்று பெண்கள். இதுதான் முதல் கேள்வியாக வரும்.

மாசி 7, வெள்ளி

விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். பரந்தன் வந்து புதுக்குடியிருப்பு ரோட்டால். குளிர். இவருடைய ஜக்கெட்டை நான் போட்டேன், இவர் துவாயைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

வட்டுவாகல் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார். சண்டையின் கடைசி நாட்களில் இந்தப் பாலத்தை நடந்து கடந்தவர்கள் நாங்கள். அதை இந்தக் கொப்பியில் எழுதுவதில்லை என்பது எப்போதோ எடுத்த முடிவு. இன்றைக்குக் கண்டதை எழுதலாம். நந்திக்கடல் நிறையத் தண்ணீர். வீச்சு வலையோடு நாலு பேர் இடுப்பளவில். நட்டிருந்த கம்புகளில் நீர்க்காகங்கள், சிறகை விரித்துப் பிடித்தபடி வரிசையாக.

இவர்: "உடுப்புக் காயப்போட்ட மாதிரி."

பத்து நிமிடம் நின்றோம். இவ்வளவு வடிவான இடம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரிந்தது.

நூதனசாலை, கடற்கரை ஊர் ஒன்றில். முன்பு வலை வைத்த களஞ்சிய அறை. ஊரார் தாங்களே வெள்ளை அடித்து, தாங்களே பொருள் சேர்த்து வைத்தது. பூட்டின் திறப்பு, இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினா அக்காவின் கைப்பைக்குள். அறுபதுக்கு மேல் இருக்கும். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர், அப்படியே எழும்பி வந்து திறந்தார்.

உள்ளே: கரைவலைக் கயிறு, கட்டுமரத்தின் துண்டு ஒன்று, கல் நங்கூரம், மிதவைகள், பெற்றோல்மக்ஸ் விளக்கு, சங்குகள், ஆமை ஓடு, மாதா சுருவம் (சிலை) வைக்கும் பெட்டி. ஒவ்வொன்றிலும் கடதாசி: இன்னது, கொடுத்தவர் இன்னார். கொழும்பில் ஒரு நூதனசாலைக்குப் போயிருக்கிறேன், அங்கே தொடாதே என்று போட்டிருந்தது. இங்கே "தொட்டுப் பாருங்கோ, அதுக்குத்தானே வச்சிருக்கிறம்" என்றார் பிலோமினா அக்கா.

ஒரு மூலையில் துருப்பிடித்த இரும்பு ஒன்று. கடதாசியில்: "கரையில் கிடந்தது. என்ன என்று தெரியவில்லை. தெரிந்தவர் சொல்லவும்."

இவர் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். "உது கொழு."

பிலோமினா அக்கா: "எது?"

"கலப்பைக் கொழு. மாட்டுக் கலப்பையில நுனிக்கு அடிக்கிறது. நிலத்தைக் கிழிக்கிறது உதுதான்."

"ஐயோ, நாங்கள் இவ்வளவு நாளும் போட்டில உடைஞ்ச ஏதோ எண்டெல்லோ நினைச்சனாங்கள். உது எப்பிடிக் கடற்கரைக்கு வந்தது?"

இவர் கொழுவைப் பழைய இடத்தில் வைத்தார். பிறகு, "ஆரோ தூக்கிக்கொண்டு வந்திருக்கினம்" என்றார். சட்டி பானையை விட்டுவிட்டு கொழுவைத் தூக்கிக்கொண்டு கடல்வரை வந்த மனிதன் ஒருவன். திரும்பிப் போய் உழலாம் என்று நினைத்திருக்கிறான். பாவம் என்று எழுதமாட்டேன். என் ஆள் அவன்.

கடதாசி மாற்றப்பட்டது. "கலப்பைக் கொழு. இனங்கண்டவர்: க. நடராசா, விவசாயி, வட்டக்கச்சி." இவர் பக்கத்தில் நின்று எழுத்துச் சரியா என்று பார்த்தார். எங்கள் கலியாணப் பதிவில்கூட இவ்வளவு கவனமாக நின்றவரில்லை.

மத்தியானம் சாப்பிடச் சொன்னார். சோறு, மீன் குழம்பு, மீன் பொரியல். நான் வெள்ளிக்கிழமை சைவம் என்றேன்.

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லைத்தானே. மீன் கணக்கில்லை."

"எங்களுக்கு மீனும் கணக்கு, அக்கா."

பருப்புக் கறி வைத்துத் தந்தார். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீனைச் சாப்பிட்டார். முருகன் மன்னிப்பார், நான் யோசிக்கவேண்டும்.

திரும்பும்போது மாங்குளத்தால் வந்தோம். சந்தியில் தேத்தண்ணி. மலசலகூடம்: நூதனசாலையில் ஒன்று, துப்புரவு. குறித்தாயிற்று.

மாசி 8, சனி

இடுப்பு நோ. இவருக்கும். ஒன்றும் செய்யவில்லை. இவர் மட்டும் யோகத்தின் மனுசனுக்கு வேலியால் கொழுக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது தடவை.

மாசி 10, திங்கள்

பூநகரி. காற்று. தொப்பி இரண்டு தரம் பறந்தது.

போகிற வழி முழுக்க வயல், பிறகு பனை, பிறகு உப்பு மண், பிறகு ஒன்றுமில்லாத வெளி. பஸ் எப்போதாவது ஒன்று. சங்கத்துக்குச் சொல்ல: சொந்த வாகனம் இல்லாமல் சரிவராது.

கோட்டை ஒல்லாந்தர் காலத்தது என்கிறார்கள். நான் பெரிதாக எதிர்பார்த்துப் போனேன், மதிற்சுவர்தான் மிச்சம். முதலில் முகம் சுருங்கியது. பிறகு கிட்டப் போய்ப் பார்த்தேன். முருகைக்கல், கடலுக்குள் வளர்வது. கல்லுக்குள் சிப்பி, சின்னச் சோகி, எல்லாம் அப்படியே. கடலை வெட்டி எடுத்துச் சுவர் கட்டியிருக்கிறார்கள். இவர் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார், மாட்டைத் தட்டுவது போல.

"கட்டுவிச்சவன் ஒல்லாந்தன். கல்லுத் தூக்கினது ஆர்?"

அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்கவேண்டும். நல்ல கேள்வி. இவருக்குச் சொல்லக்கூடாது, தலைக்கு ஏறிவிடும்.

தேத்தண்ணிக் கடையில் ஒருவர் இன்னொருவரிடம்: "இவை என்னத்தைப் பாக்க வந்தவை?" "கோட்டையை." "எந்தக் கோட்டை?" கோட்டையிலிருந்து முந்நூறு மீற்றர் தூரத்தில் இருந்துகொண்டு கேட்கிறார். கோபம் வந்தது. பிறகு என்னைப் போல இன்னொரு ஆள் என்று விட்டுவிட்டேன்.

மலசலகூடம்: கடைக்காரரின் வீட்டில் கேட்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு.

மாசி 13, வியாழன்

சுண்டிக்குளம். எழுத எங்கே தொடங்குவது.

தருமபுரத்தால் திரும்பி, மணல் ரோட்டு. மோட்டார் சைக்கிள் இரண்டு இடத்தில் புதைந்தது, இறங்கித் தள்ளினேன். களப்பு வந்தது, கடலோடு ஒட்டின உப்புத்தண்ணீர். தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. உப்புப் படிந்திருக்கிறது என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கக் கோடு நடந்தது.

பூநாரைகள். எண்ண முடியாது, எண்ணவும் தோன்றவில்லை. எல்லாம் தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, ஒரே பக்கமாக, வயலில் நாற்று நடுகிறவர்கள் மாதிரி. ஒரு வள்ளத்தின் சத்தத்துக்கு எழும்பின. எழும்பியபோது சிறகுக்குள் சிவப்பு. அத்தனை சிவப்பும் ஒரே நேரத்தில். இவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், கோயில் வாசலில் சால்வை எடுக்கிற மாதிரி.

வீட்டிலிருந்து இருபது மைல் வராது. இத்தனை வருடமாக நான் இதைப் பார்க்கவில்லை. நுவரெலியாவுக்குப் போய் மரக்கறித் தோட்டத்தில் பூக்கோவா பார்த்திருக்கிறேன்.

சரணாலயக் காவலாளி ஒருவர் வந்தார். இளந்தாரி இல்லை, எங்கள் வயதுக்காரர். தூரக்கண்ணாடி தந்தார். சங்கத்தோடு வரப்போகிறோம் என்றேன். எப்போது என்றார். பங்குனிக் கடைசி என்றேன் பெருமையாக.

"பங்குனிக் கடைசியில வந்து என்னத்தைப் பாக்கப் போறியள்? தண்ணி வத்துது. இன்னும் ரெண்டு கிழமை, கூடினால் மூண்டு. பிறகு உவை வெளிக்கிட்டிடுவினம்."

தலையில் இடி. நாங்கள் எதையும் அறுவடைக்குப் பிறகுதான் வைப்போம். கலியாணம், பொங்கல் மடை, வீடு குடிபூரல், சுற்றுலா. நெல்லை வெட்டி, காயவிட்டு, மூட்டை கட்டின பிறகுதான் காலை வெளியில் வைப்பது. பறவைக்கும் அப்படித்தான் என்று யோசிக்காமலே நினைத்துவிட்டேன். அவை எங்கள் காலபோக அறுவடையைப் பார்த்தா வருகின்றன?

வரும் வழியில் இவர்: "கூட்டத்தில உதைச் சொல்லப் போறீரோ?"

சொன்னால் நுவரெலியாதான். சொல்லாவிட்டால் இருபத்திமூன்று பேரைக் கூட்டிவந்து காய்ந்த சேற்றைக் காட்டவேண்டும்.

மாசி 16, ஞாயிறு

கூட்டம். இருபத்திமூன்றும் வந்தது.

முதலில் படங்கள். போனைக் கைமாற்றிப் பார்த்தார்கள். கொழுக் கதை சொன்னேன்; இரண்டு பேர் சேலைத் தலைப்பால் கண் துடைத்தார்கள். கல்லுத் தூக்கினது ஆர் என்று கேட்டேன். முணுமுணுப்பு, நல்ல முணுமுணுப்பு. பூநாரை எழும்புகிற வீடியோவை யோகம் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். "உது உண்மையா எங்கடை பக்கம்தானோ?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வென்றிருப்பேன். நிறுத்தவில்லை. பங்குனி இரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிந்தினால் பறவை இராது என்று சொன்னேன்.

இ.ம. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப கதை முடிஞ்சுது. ரெண்டாம் திகதி என்ரை வயலில கதிர் நிக்கும்."

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கு மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வாய்க்காலுக்கு அறுவடை மெசின் ஒன்றுதான் வரும். வாய்க்கால் தொடங்கும் தலைப்பு வயலில் இறங்கி, வரிசையாக வெட்டிக்கொண்டு கடைக்கோடிக்குப் போகும். தண்ணீர் போகிற வழியில்தான் எல்லாம் போகும், அதுதான் முறை. எங்கள் வயல் தலைப்பில் இரண்டாவது. இ.ம. அக்காவினுடையது கடைசி, காட்டு ஓரம். அவரோடு சேர்த்து ஏழு பேர் அந்தப் பக்கம். அங்கே கதிர் நிற்கும்வரை யானைக்கும் பன்றிக்கும் வீட்டில் எல்லோரும் மாறி மாறிக் காவல். ஒரு நாள் விட்டுவிட்டு வரமுடியாது. தலைப்பில் கதிர் நின்றால் ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. மழை வந்தால் ஒழிய.

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "அப்ப மெசின் இந்தமுறை கடைக்கோடியில இறங்கட்டும். இந்தப் போகம் எல்லாரும் ஒரு மழைக்குத்தானே விதைச்சனாங்கள். எல்லாம் ஒண்டாத்தான் முத்தி நிக்குது."

யாரோ: "அப்ப தலைப்பு?"

"தலைப்பு கடைசியா வெட்டட்டும். நாங்கள் பொறுக்கிறம்."

இ.ம. அக்கா என்னையே பார்த்தார். "உம்மடை மனுசனைக் கேட்டனீரோ?"

"அவர் ஓம் எண்டுதான் சொல்லுவார்." பச்சைப் பொய்.

தலைப்புக்காரர் ஐந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகம்தான் முதலில் தலை ஆட்டினாள். கை தூக்கினார்கள். எங்கள் கரைக்குப் பதினாலு, நுவரெலியாவுக்கு ஒன்பது. இ.ம. அக்கா கை தூக்கியது நுவரெலியாவுக்கு.

வீட்டுக்கு வந்தேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்று சொன்னேன். கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

கையைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். பொழுதுபட வந்தார். கையில் இரண்டு கதிர். என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நெல்மணியை உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினார். "ரெண்டு கிழமை தாங்கும். மழை வராட்டி." எழும்பிப் போகும்போது: "மெசின்காரனோட நான் கதைக்கிறன். நீர் சொன்னால் பகிடி எண்டு நினைப்பான்."

மாசி 20, வியாழன்

மெசின் வந்தது. எங்கள் வயலைத் தாண்டிப் போனது. ரோட்டில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மெசின்காரர் கண்ணாடியால் தலையை நீட்டி இவரிடம், "அண்ணை, உண்மையாத்தானோ?" இவர் கையைக் காட்டி, போ என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

மாசி 24, திங்கள்

வெயில். நல்ல வெயில். கடைக்கோடியில் நாலு வயல் முடிந்தது. வாகனம் பேசியாயிற்று. பிலோமினா அக்காவுக்கு அழைத்தேன். ஞாயிறு பூசை முடிந்துதான் திறப்பாராம். பூநகரி ஒரே நாளில் சரிவராது, விடவேண்டியதுதான். கோட்டை எங்கும் ஓடாது.

மாசி 27, வியாழன்

மழை. விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும், காற்றோடு.

அரை ஏக்கர் சாய்ந்துவிட்டது. தலைப்பில் மற்றவர்களுடையது பெரிதாக இல்லை; எங்களது பள்ளம். கதிர் சேற்றில் படுத்துக் கிடக்கிறது. மெசினால் அதைச் சரியாக வெட்டமுடியாது, பாதி சேற்றுக்குப் போகும். இவர் வரம்பில் குடை இல்லாமல் நின்றார். ஒரு சொல் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான்.

பின்னேரம் இ.ம. அக்கா குடையோடு வந்தார். வரம்பில் நின்று பார்த்தார். எவ்வளவு சாய்ந்தது என்று இவரிடம் மட்டும் கேட்டார். போய்விட்டார். ஒரு ஆறுதல் சொல் இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது, அது வேறு.

பங்குனி (மார்ச்) 1, சனி

இரண்டு நாள் வெயிலில் மேல்மண் இறுகுகிறது. மெசின் எங்களுக்குத் திங்கள்தானாம். சாய்ந்ததைக் கையால் அரிய ஆள் தேடினார் இவர். எல்லோருக்கும் அறுவடை, ஆளில்லை. நாளைக்குத் தான் தனிய இறங்குவதாகச் சொன்னார். நானும் நிற்கிறேன் என்றேன்.

"நீர் போகாட்டி ஆர் அவைக்குக் காட்டுறது? எனக்குப் பறவை தெரியும். நான் பாத்திட்டன்."

இடியப்பம் இருபத்தைந்து பேருக்கு. சம்பல். வாழைப்பழம். யோகம் பருப்பு கொண்டுவருவாள். மாத்திரை, சீனி, தண்ணீர்க் கான் மூன்று.

பங்குனி 2, ஞாயிறு

சுண்டிக்குளத்தில் இருந்து எழுதுகிறேன், கொப்பியை மடியில் வைத்து.

காலையில் வாகனத்துக்குள் பாட்டு. பாலத்தில் பாட்டு நின்றது, யாரும் சொல்லாமல். நூதனசாலையில் பிலோமினா அக்கா எல்லாவற்றையும் தொடவிட்டார். கொழுவுக்கு முன்னால் கூட்டம். இவருடைய பெயரை யோகம் உரத்து வாசித்தாள். பிலோமினா அக்காவுக்கும் எங்களில் ஒருவருக்கும் எந்த மீனைக் குழம்பு வைப்பது எதைப் பொரிப்பது என்று பெரிய வாக்குவாதம். அரை மணித்தியாலம் பிந்தினோம்.

இங்கே வர மூன்று மணி. மணலில் இறங்கி நடந்தார்கள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு. களப்பு பாதியாக வற்றிவிட்டது. எனக்குப் பயம் பிடித்தது. பிறகு காவலாளி கை நீட்டினார். நிற்கின்றன. அவ்வளவும் நிற்கின்றன. இருபத்திமூன்று பெண்கள், ஒரு சத்தம் இல்லை. சங்கத்தில் இதுவரை நடக்காத விடயம்.

யோகம் மெதுவாக: "நான் இனி என்ரை வேலிக்கொக்கைப் பற்றிக் கதைக்கமாட்டன்."

அப்போது போன். இவர். பின்னால் ஆட்களின் சத்தம்.

"இஞ்சரும். கடைக்கோடி ஆம்பிளையள் வந்திருக்கினம். பன்னிரண்டு பேர், அரிவாளோட. நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. சாய்ஞ்ச பக்கம் முழுக்க அரிஞ்சு வரம்பில போட்டிட்டினம். எனக்கு அரிவாளைத் தரமாட்டினமாம். தேத்தண்ணி வைக்கச் சொல்லினம். சீனி எங்க வச்சனீர்?"

சீனி எங்கே என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. வாகனத்தில் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். இ.ம. அக்கா காவலாளியின் தூரக்கண்ணாடியோடு, தண்ணீர் ஓரம், சேலை முழங்கால் மட்டும் நனைய நின்றார். கிட்டப் போனேன். அக்கா, நீங்களோ சொன்னது என்று கேட்டேன். கண்ணாடியை இறக்கவில்லை.

"அங்கை ஆக்கள் நிக்கினம். நீர் பறவையைப் பாரும்."